புனம் காத்தவளும் ஆபீஸ் போனவளும்

தமிழில் ஆபீஸ் காதல் நாவல் என்று ஒரு ஜாதி இருக்கிறது. விமர்சகர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. அதற்கு நியாயமும் உண்டு, பெரும்பாலும் குப்பை. புதிதாக வேலைக்கு வரும் பெண், வசதியான மானேஜர், அவனைப் பற்றி அவள் காதில் விழும் ஒரு சேதி, அவளைப் பற்றி அவன் மேஜைக்கு வரும் ஒரு மொட்டைக் கடிதம், நடுவில் வாரக்கணக்கில் சந்தேகம், கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். சில கதைகளில் முதலாளியே சாதாரணக் குமாஸ்தா வேஷத்தில் தன் கம்பெனிக்குள் நுழைந்து அவள் மனசைப் பரிசோதிப்பான். இதெல்லாம் மில்ஸ் அண்ட் பூன் வழியாக இறங்கிய சரக்கு என்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கம். 1908இல் லண்டனில் கடை திறந்த அந்தப் பிரசுரக் கம்பெனிக்கு இவ்வளவு பெருமை கொடுக்க வேண்டியதில்லை. வேலையில் இருக்கும் பெண், அந்த வேலையிடத்துக்குள் வேஷம் மாறி நுழைகிறவன், அவன் சோதனை, அவள் சந்தேகம் — இந்த அமைப்பு முழுசாகத் திருத்தணி மலைமேல் உட்கார்ந்திருக்கிறது. நம் வாரப்பத்திரிகை நாவலாசிரியர்கள் அதை அறிந்து எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல வரவில்லை. அறியாமல் எடுத்துக்கொண்டபோது எதைக் கோட்டைவிட்டார்கள் என்பதுதான் என் விஷயம்.

வள்ளி கதையை நாம் பக்திக் கதையாகவே கேட்டு வளர்ந்துவிட்டதால் அவளுக்கு ஒரு உத்தியோகம் இருந்தது என்பது மனசில் படுவதில்லை. தினை முற்றும் பருவத்தில் பரண்மேல் நின்று கிளி ஓட்டுவது குறவர் வீட்டுப் பெண்களுக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை. தழல், தட்டை, குளிர் என்று கிளியோட்டும் கருவிகளுக்கே தனிப் பெயர்கள் குறிஞ்சிப்பாட்டில் இருக்கின்றன. காலையில் போய்ப் பொழுது சாய்ந்ததும் வீடு திரும்ப வேண்டும் என்ற கட்டளையும் அதில் இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே, தாயின் கண்ணுக்கு அப்பால், ஒரு பொறுப்போடு ஒரு பெண் நிற்கும் இடம். தமிழ்க் கவிதை தன் காதலை அங்கேதான் ஆரம்பித்தது. அந்தப்புரத்தில் ஆரம்பிக்கவில்லை. குறிஞ்சித் திணையின் களவு பெரும்பாலும் வேலை நேரத்தில் நடக்கிறது.

கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தின் கடைசிப் படலமாக வள்ளி திருமணத்தை வைத்திருக்கிறார். அதை ஒரு நாவல் படிக்கிற கண்ணோடு படித்துப் பாருங்கள். முருகன் முதலில் வேடனாக வருகிறான். பேச்சுக் கொடுக்கிறான். அவள் அப்பன் நம்பி பரிவாரத்தோடு வந்துவிட, உடனே வேங்கை மரமாக நிற்கிறான். நேற்றுவரை புனத்தில் இல்லாத மரம். கூட வந்த வேடர்கள் இது ஏதோ சூது, வெட்டிப் போட வேண்டும் என்கிறார்கள். சந்தேகம் முழுக்கச் சரி. நம்பி மகளைக் கேட்கிறான். இது எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது, மாயம்போல இருக்கிறது என்கிற தோரணையில் அவள் பதில். போகட்டும், குழந்தைக்கு நிழலாக இருக்கும் என்று நம்பி விட்டுவிடுகிறான். துப்புத் துலக்கிய கீழ்ச் சிப்பந்திகளின் பேச்சை மேலதிகாரி தள்ளுபடி செய்த முதல் கேஸ் இது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வேஷம் கிழவன். இந்தக் கிழவனை நம்பியே வரவேற்று, புனத்தில் மகளுக்குத் துணையாக இருக்கும்படி அனுப்பிவைக்கிறான். தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, சுனையில் தண்ணீர் குடித்துவிட்டுக் கிழவன் தன் எண்ணத்தைச் சொல்கிறான். அவள் வெகுண்டு போகிறாள். அண்ணன் கணபதி யானையாக வருகிறார். பயத்தில் அவள் கிழவனைக் கட்டிக்கொண்டு, காப்பாற்று, நீ சொன்னபடி கேட்கிறேன் என்கிறாள். அதன்பிறகுதான் அவன் தன் சொரூபத்தைக் காட்டுகிறான். பயத்தில் வாங்கிய சம்மதத்துக்குப் பின்னால் வரும் உண்மை. புராணகர்த்தாவுக்கு இது ஒரு பிரச்னையே இல்லை. ஏனென்றால் வள்ளி முற்பிறவியில் திருமாலின் மகள். இவனையே அடையத் தவம் செய்தவள். அவள் சம்மதம் போன பிறவியிலேயே பதிவாகிவிட்டது. சந்தேகம் என்பது வெறும் இடைக்கால விளையாட்டு. நம் தொடர்கதைகளில் குமாஸ்தா வேஷம் போட்டவன் முதலாளியின் மகன் என்று தெரிந்தவுடன் கதாநாயகியின் கோபம் கரைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அவன் சொன்ன பொய் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. முற்பிறவி செய்த வேலையைச் சொத்து செய்கிறது.

கதையின் முடிவில் முருகன் வள்ளியோடு வந்து தங்கும் மலையைக் கச்சியப்பர் செருத்தணி என்கிறார். செரு தணிந்த இடம். சூரனோடு போட்ட பெரிய சண்டையின் கோபமும் வேடரோடு போட்ட சின்னச் சண்டையின் கோபமும் இங்கே தணிந்தன என்று வள்ளியிடமே சொல்கிறான். வேஷக்காரக் கிழவன் இந்த மலையைவிட்டுப் போகவில்லை. முத்துஸ்வாமி தீக்ஷிதர் (1775–1835) முதல் கீர்த்தனம் பாடியது இங்கேதான் என்பது சங்கீத உலகத்தின் ஐதீகம்: ஒரு கிழவர் வந்து வாயைத் திற என்றார், கற்கண்டைப் போட்டார், மறைந்தார். தீக்ஷிதர் ஏன், எதற்கு என்று கேட்காமல் வாயைத் திறந்தார். பக்தனுக்கு அது முடியும். புனத்தில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு முடியுமா என்பதுதான் கேள்வி.

அகப் பாடல்கள் இந்தக் கேள்வியைப் புராணத்தைவிடக் கறாராகக் கையாள்கின்றன. அங்கே முற்பிறவிச் சலுகை கிடையாது. வருகிறவன் யார், எந்த ஊர், மணம் செய்துகொள்வானா, பாதியில் விட்டுவிடுவானா — ஒன்றும் தெரியாது. இந்தத் தெரியாமையைத் தலைவியின் தலையில் மட்டும் சுமத்தாமல் அதற்கென்றே ஒரு பாத்திரத்தைப் படைத்தார்கள்: தோழி. தோழியை நாம் பள்ளிக்கூடப் பாடத்தில் தூது போகிறவளாகப் படித்து மறந்தோம். இலக்கணக்காரர்கள் அவளை அப்படிப் பார்க்கவில்லை. சந்தேகப்படுவதை அவள் தொழிலாகவே வைத்தார்கள். தலைவியின் உடல்மேல் புது வாசனை, தோற்றத்தில் மாற்றம், சாப்பாட்டின் அளவு, நடை, எதையோ மறைக்கும் முயற்சி — இவற்றிலிருந்து விஷயத்தை அவள் ஊகித்துவிடுவாள் என்று தொல்காப்பியம் அவளுடைய ஆராய்ச்சி முறையையே விவரிக்கிறது. இறையனார் களவியலின் அறுபது சூத்திரங்களிலும் அதன் உரையிலும் அவளுடைய இந்த வேலை இன்னும் நுட்பமாகப் பிரிக்கப்படுகிறது. அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டுக்கொண்டு வருகிறவனின் கையில் வில்லும் இல்லை, முகத்தில் வேட்டையும் இல்லை என்று கவனிப்பவள் அவள்தான். அவனைத் திருப்பி அனுப்புகிறாள், அலையவிடுகிறாள், இவள் சின்னப் பெண், ஒன்றும் அறியாதவள் என்கிறாள். கடைசியில் வரைவு கடாவுகிறாள், அதாவது எப்போது கல்யாணம் என்று நேராகக் கேட்கிறாள். காதலர்கள் நம்பட்டும், சந்தேகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற ஏற்பாடு.

எவ்வளவு பெரிய ஏற்பாடு என்பது தோழி இல்லாத இடங்களில் தெரியும். குறுந்தொகையின் 25ஆம் பாட்டில், கபிலர் பாடியது, தலைவி தன் சம்பந்தத்துக்கு யார் சாட்சி என்று யோசிக்கிறாள். ஆள் யாரும் இல்லை. இருந்தவன் அவன் ஒருவன். அவனே பொய் சொன்னால்? தண்ணீரில் மீன் பார்த்து நின்ற ஒரு பறவை இருந்தது. அதற்கு அதன் இரைமேல் கண். இதைவிடச் சுருக்கமாக ஒரு பெண்ணின் பயத்தை நாவல் எழுதிக் காட்ட முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

அகநானூற்று 256ஆம் பாட்டு இன்னொரு விதம். கள்ளூரில் ஒருத்தியின் அழகைக் கெடுத்தவன் சபையில் அவளை எனக்குத் தெரியாது என்று பொய்ச் சத்தியம் செய்கிறான். சாட்சிகளை விசாரித்து உண்மை அறிகிறார்கள். அவனை மரத்தில் கட்டித் தலையில் நீறு கொட்டுகிறார்கள். சபை, வாக்குமூலம், சாட்சி, தீர்ப்பு, தண்டனை — எல்லாம் இருக்கிறது. சங்க காலத்துக் காதலைக் கள்ளம் கபடமற்ற இயற்கை வாழ்வு என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பாட்டை எப்படித் தாண்டிப் போகிறார்களோ. தொல்காப்பியருக்கே இந்த மயக்கம் இல்லை. பொய்யும் தவறும் புகுந்த பிறகுதான் மணச் சடங்குகள் வகுக்கப்பட்டன என்று அவர் சொல்கிறார். கல்யாணம் காதலின் பரிபூர்ணம் என்பது பிற்பாடு வந்த பேச்சு. தொல்காப்பியத்தில் அது அவநம்பிக்கைக்குக் கண்டுபிடித்த மருந்து.

ஒரு முரண். தலைவன் நம்பிக்கை ஊட்டுவதற்குச் செய்யும் சத்தியம் பெரும்பாலும் மலைத் தெய்வத்தின்மேல். குறிஞ்சிப்பாட்டில் அவன் மலைமேல் உறையும் கடவுளைக் கும்பிட்டுச் சூள் உரைத்துச் சுனைநீர் குடிக்கிறான். பொய்ச் சத்தியம் செய்தவனைத் தண்டிக்கும் அந்தத் தெய்வமே பின்னால் வேஷம் போட்டுக்கொண்டு புனத்துக்கு வரும்போது யார்மேல் சத்தியம் செய்வது?

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய சொத்து என்று கொண்டாடவும் முடியாது. திருத்தணிக்கு அப்பால் ஆந்திரம் தொடங்குகிறது. அந்தப் பக்கம் சாதவாகனர் பெயரோடு சேர்ந்த காதாசப்தசதியிலும் வயல் காக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நெல் வெளுத்து அறுவடைக்கு வருகிறதே என்று தலைகுனிந்து அழும் ஒருத்தியை, அதனால் என்ன, சணல் காடு பூத்து நிற்கிறது என்று தோழி தேற்றுகிறாள். அறுவடை என்றால் இந்தப் பெண்களுக்கு வேலை முடிந்தது. வேலை முடிந்தால் சந்திப்பு முடிந்தது. நம் இற்செறிப்பும் இதுதான். ஆபீஸ் நாவலில் இதற்குச் சமமான இடம் டிரான்ஸ்ஃபர் ஆர்டர். பிராகிருதத் தோழி மாற்று இடம் காட்டிக் கண்ணடிக்கிறாள். தமிழ்த் தோழி மணநாளைக் கேட்டு நெருக்குகிறாள். இரண்டு பாஷையின் மனோபாவம் இதில் தெரிகிறது. இந்த ஊரின் எல்லையே இரு தரப்பு அவநம்பிக்கையில் வகுக்கப்பட்டதுதான். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு போன திருத்தணி, ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சிக்குப் பிறகு, படாஸ்கர் மத்தியஸ்தத்தின்படி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. இரண்டு பேர் ஒருவரையொருவர் நம்பாதபோது நடுவில் ஒருவர் வந்து கிராமம் கிராமமாகப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோழி எப்போது காணாமல் போனாள்? நூல்களில் தேடுவதைவிட மேடையில் பார்ப்பது பலன் தரும். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணம் தென்மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகமாக ஆடப்பட்டு வருகிறது. விடிய விடிய நடக்கும் அந்த நாடகத்தின் உயிர் தர்க்கம். ஆலோலம் பாடிக் கிளி ஓட்டும் வள்ளி முதலில் நாரதரோடும் பிறகு வேடனாக வரும் முருகனோடும் வாதம் செய்கிறாள். நீ யார், எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய், ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறாளா என்று கேள்வி மேல் கேள்வி. பதில்கள் எழுதிவைத்தவை மட்டும் இல்லை, சமயோசிதம். கூட்டம் கட்சி பிரிந்து ரசிக்கிறது. தோழி செய்த குறுக்கு விசாரணையை வள்ளியே கையில் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்பதுதான் இதன் முக்கியம். கச்சியப்பரின் வள்ளி கோபித்துக்கொண்டு விலகிப் போகிறாள். சங்கரதாஸின் வள்ளி நின்று கேட்கிறாள். தமிழில் சந்தேகப்படும் உரிமையோடு ஒரு பெண் பொது இடத்தில் நின்ற முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று என்பேன். நம் நாவல் இதைக் கவனித்திருந்தால் எங்கேயோ போயிருக்கும். நாவலாசிரியர்கள் ஸ்பெஷல் நாடகம் பார்க்கிற ஜாதி இல்லை.

அந்த மேடையே ஒரு வேலையிடம். ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. வள்ளியை ஓர் ஊரிலிருந்தும் முருகனை இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். ஒத்திகை இல்லை. முன்பின் அறியாதவர்கள் அன்றிரவு காதலர்கள். அங்கேதான் நான் தேடும் அசல் கேஸ் இருக்கிறது. கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் 1920களின் பிற்பகுதியில் கொழும்பில் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் ஜோடிக்குப் பேர் வாங்கித் தந்த நாடகங்களில் வள்ளி திருமணமும் ஒன்று. மேடைக் காதல் மேடைக்கு வெளியேயும் வந்தது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். ஜாதி வேறு. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. அவற்றில் மகாகலைஞர் யாரும் பேசவில்லை; பதில் எழுதாத புருஷனிடம், சொன்ன வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் பெண் பேசுகிறாள். மேடையில் தர்க்கத்தில் ஜெயித்த வள்ளி தபாலில் தோற்றுக்கொண்டிருந்தாள். கிட்டப்பா 1933இல், முப்பது வயதைத் தொடாமல் இறந்துபோனார். சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். 1935இல் ஒரு லட்ச ரூபாய் சம்பளத்தில் சினிமாவில் நடிக்க வந்தபோது அவர் ஏற்ற வேஷம் நந்தனார், ஓர் ஆண். அதற்கப்புறம் அவ்வையார். வள்ளியாகத் தொடங்கி ஆணாகவும் கிழவியாகவும் ஆனவரின் இந்தச் சரித்திரத்தில், உடன் வேலை பார்த்தவனை நம்பினதன் விலை முழுக்க இருக்கிறது. இதை வைத்து ஒரு நல்ல நாவல் தமிழில் எழுதப்படவில்லை என்பது எனக்கு ஆறாத குறை. தியாகம், பத்தினித்தன்மை என்று பூச்சூடிக் கும்பிட்டுவிட்டோம்.

இங்கிலீஷ் நாவலின் பிறப்பே இந்த விஷயத்தில்தான் என்பதை ஒரு வார்த்தை சொல்லிப் போகலாம். 1740இல் ரிச்சர்ட்ஸன் எழுதிய பமேலா ஒரு வேலைக்காரப் பெண்ணின் கடிதங்கள். எஜமான் அவளை மடக்குவதற்கு வேலைக்காரி வேஷத்தில் அவள் அறையில் உட்கார்ந்திருக்கிறான். தன் காகிதங்களை அவள் உடைக்குள் தைத்து மறைக்கிறாள். கடைசியில் அந்தக் காகிதங்களைப் படித்துத்தான் அவன் மனம் மாறுகிறான். ஒரு நூற்றாண்டு கழித்து, 1847இல் ஜேன் அயர். அதிலும் பெண் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள். அதிலும் எஜமான் அவள் மனசை அறியக் குறி சொல்லும் ஜிப்ஸிக் கிழவியாக வேஷம் போடுகிறான். ஜிப்ஸிக் கிழவியையும் தினைமா கேட்ட கிழவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. வித்தியாசம் என்னவென்றால் ஜேன் தன் சந்தேகத்தைத் தானே எழுதுகிறாள், அவன் பெண்டாட்டியை மாடியில் பூட்டிவைத்திருப்பது தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு வெளியே நடக்கிறாள். முற்பிறவி அவளைப் பிடித்து நிறுத்தவில்லை.

நம் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தில் (1879) ஞானாம்பாள் பொதுக் காரியம் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு அவள் ஆண் வேஷம் போட்டு, யானை மாலையிட்டு, ராஜாவாக வேண்டியிருந்தது. பெண் உடையிலேயே ஒருத்தி வேலைக்குப் போய்ச் சம்பளக் கவரோடு வீடு திரும்பும் நாவலுக்குத் தமிழ் பல பத்தாண்டுகள் காத்திருந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் சின்ன ஊர்களுக்கு வந்து, லோயரும் ஹையரும் பாஸ் செய்த பெண்கள் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு வந்தது அந்தக் கதை. திருத்தணியிலிருந்து காலை மின்சார ரயிலில் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இவர்களை எழுதியவர்கள் எவ்வளவு குறைவு, இவர்களுக்காக எழுதியவர்கள் எவ்வளவு அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள் இங்கே முக்கியம். அது ஆபீஸ் காதல் கதை இல்லை; ஆனால் தோழி இல்லாத பெண்ணின் கதை. 1966இல் ஆனந்த விகடனில் வந்த அக்னிப் பிரவேசத்தில் தாய் மகள்மேல் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று விஷயத்தை உள்ளேயே அமுக்கிவிடுகிறாள். அந்தத் தாய் தோழியின் வேலையைச் செய்தாள். நாவலிலோ தாய் கூச்சல் போடுகிறாள், அண்ணன் வெளியே தள்ளுகிறான், அடைக்கலம் கொடுத்த மாமாவே வேட்டைக்காரன். கங்கா உத்தியோகத்தில் இருக்கிறாள், படித்தவள், யாரையும் நிமிர்ந்து பார்ப்பவள். ஆனால் அவள் எல்லாவற்றையும் தனக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. அந்த நாவலின் தன்மைக் கூற்றை உத்தி என்று மட்டும் பார்ப்பது போதாது. கேட்க ஆள் இல்லாதவள் பேசும் முறை அது. கடைசியில் அவளிடம் ஸ்நேகமாக இருப்பது யார்? பிரபுவின் மகள் மஞ்சு. எந்த ஆளைப் பற்றி விசாரிக்க வேண்டுமோ அவன் வீட்டிலிருந்தே ஒரு சின்னப் பெண். 1972இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கிய இந்த நாவலைப் பற்றி ஒழுக்கம், புரட்சி என்று எழுதித் தள்ளினவர்கள் இந்தத் தனிமையைப் பார்க்கவில்லை.

ஆதவன் இன்னொரு கோடியில் இருக்கிறார். அவருடைய தில்லி மனிதர்கள் எதிராளியைச் சந்தேகிப்பதைவிடத் தங்களையே அதிகம் சந்தேகிக்கிறவர்கள். நான் இப்போது காதலிக்கிறேனா, காதலிப்பவனாக நடிக்கிறேனா? வேஷக்காரனே தன் வேஷத்தைத் தட்டிப் பார்க்கும் நிலை. வேங்கை மரம் தன் பட்டையை உரித்துப் பார்த்துக்கொள்வதுபோல. இது பெரிய சாதனைதான். ஆனால் அந்த ஆராய்ச்சியில் பெண் பல சமயம் கண்ணாடியாக மட்டும் நிற்கிறாள். பாலகுமாரனின் மெர்க்குரிப் பூக்களில் வேலைநிறுத்தமும் ஆண் பெண் உறவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. ஆலை வாசலில் ஒருவனை ஒருவன் நம்பலாமா என்ற கேள்வியும் காதலில் நம்பலாமா என்ற கேள்வியும் ஒரே கேள்வி என்ற உணர்வு அதில் இருக்கிறது. பின்னால் அவர் தன் பெண்களுக்கு உபதேசம் செய்யும் குருவாகிவிட்டார். ரமணிசந்திரன் வகை நாவல்களில் சந்தேகம் ஆணுக்குச் சொந்தம்: இவள் என் பணத்துக்காக வருகிறாளா? பெண்ணின் வேலை தன்னை நிரூபிப்பது. களவியல் தலைகீழாகிவிட்டது. அங்கே விசாரிக்கப்பட்டவன் அவன். இங்கே விசாரிக்கப்படுகிறவள் அவள். லட்சக்கணக்கில் பெண்கள் அதை ரசித்துப் படித்தார்கள் என்பது நாம் மூக்கைச் சுளித்துத் தாண்டக்கூடிய விஷயம் இல்லை. அந்தப் படிப்பில் ஏதோ ஒரு பயத்துக்கு ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும்.

நான் சில காலம் குப்பை கொட்டிய ஒரு காரியாலயத்தில் ஒரு டைப்பிஸ்ட் பெண்ணையும் ஸெக்ஷனில் இருந்த ஒருவரையும் பற்றி மொட்டைக் கடிதம் வந்தது. டைப் அடித்த கடிதம். ஒரு எழுத்து வரியைவிட்டுச் சற்று மேலே குதித்திருந்தது. அது எந்த மிஷின் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெண் வெளியூருக்கு மாற்றப்பட்டாள். அவர் இருந்த நாற்காலியிலேயே இருந்தார், கல்யாணமும் வேறிடத்தில் ஆயிற்று. அந்தப் பெண்ணுக்கு அடுத்த மேஜையில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் பார்த்தவள். அவள் அன்று என்ன நினைத்தாள் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

சர்க்கார் சந்தேகத்தைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டது. சந்தானம் கமிட்டியின் சிபாரிசில் 1964இல் விஜிலன்ஸ் கமிஷன் வந்தது. அதே கமிஷன் 1999இல் மொட்டைக் கடிதங்கள்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. 1992இல் ராஜஸ்தானத்தில் பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளருக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து 1997இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பும், 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டமும் வந்தன. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஒரு குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு பெண். புகார் மூன்று மாதத்துக்குள் எழுத்தில். கள்ளூர்ச் சபை திரும்பி வந்திருக்கிறது, வர வேண்டியதுதான், இவ்வளவு தாமதமாக வந்ததுதான் வெட்கம். ஆனால் சபை வேறு, தோழி வேறு. சபைக்குக் காரியம் நடந்து முடிந்திருக்க வேண்டும். தோழி அவன் மான் கேட்டு வரும்போதே அவன் கையைப் பார்த்தாள். நம் ஆபீஸ் நாவல்களில் சபை வந்துவிட்டது, கோர்ட்டும் மெமோவும் வந்துவிட்டன. அடுத்த மேஜைக்காரி மட்டும் இன்னும் வதந்தி பரப்புகிறவளாகவோ பொறாமைக்காரியாகவோ காப்பி வாங்கி வருகிறவளாகவோதான் வருகிறாள். அலர் தூற்றும் ஊராரின் வேஷத்தைத் தோழிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்டபோது குறிஞ்சிப்பாட்டு நமக்குத் திரும்பக் கிடைத்தது. 261 அடிகள். ஆரிய அரசன் பிருகதத்தனுக்குத் தமிழ் என்றால் என்ன என்று காட்டக் கபிலர் பாடியதாகச் சொல்வார்கள். 99 பூக்களின் பெயரை எண்ணிவிட்டு நம் வாத்தியார்கள் நிறுத்திக்கொள்வார்கள். அந்தப் பாட்டு முழுவதும் பேசுகிறவள் தோழி. தலைவிக்கும் தலைவனுக்கும் நடந்ததைச் செவிலித்தாயிடம் அவள் சொல்கிறாள்: நீ எங்களைக் கிளி ஓட்ட அனுப்பினாய், நாங்கள் குளித்தோம், பூப் பறித்தோம், நாய்களோடு ஒருவன் வந்தான், யானை வந்தது, இப்படி இப்படி ஆயிற்று. தலைவியைக் காட்டிக்கொடுக்காமலும் உண்மையை மறைக்காமலும் சொல்கிறாள். கூடவே இருந்து பார்த்தவளின் கூற்று. காதலியின் வாக்குமூலம் கிடையாது, சர்வமும் அறிந்த ஆசிரியனின் அளப்பும் கிடையாது. ஓர் ஆபீஸ் நாவலை இந்தக் குரலில் யாராவது எழுதிப் பார்க்க வேண்டும். பாட்டு முடியும் இடத்தில் கல்யாணம் இன்னும் ஆகவில்லை. அவன் சத்தியம் செய்திருக்கிறான், நல்லவன் என்றுதான் தோன்றுகிறது, இரவில் வந்துகொண்டிருக்கிறான். தோழியோ அவன் வரும் வழியில் உள்ள புலி, கரடி, பாம்பு, முதலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறாள்.